பெங்களூர் நாவும் தமிழ்த் திரையும்: நடிகர் வளர்ச்சியில் பேச்சு வழக்கின் பங்கு

திரைப்பட நடிகர்களின் வாழ்க்கையைப் பற்றித் தமிழில் வெளிவந்துள்ள நூல்களும் கட்டுரைகளும் எண்ணிக்கையில் மிகுதி. ஆயின் அவற்றுள் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்க்கப்பட்டவை. வறிய இளமை, நாடக ஆர்வம், தற்செயலாக ஓர் இயக்குநரின் பார்வையில் படுதல், முதற்படம், புகழ் என்ற வரிசையிலேயே அவை அமைகின்றன. நடிகர் வேற்று மொழியினராக இருப்பின், பின்னர்த் தமிழ் கற்றுக்கொண்டார் என்னும் ஒரு தொடர் இடையில் வந்து போகும். அவ்வொரு தொடருக்குள் எத்துணைப் பெரிய செய்தி அடங்கிக் கிடக்கிறது என்பதை மொழியியலார் அறிவர். அவர் கற்றது எந்தத் தமிழ், யாரிடம் கற்றார், கற்ற தமிழ் திரையில் ஒலித்ததா, அன்றி அவருடைய இதழசைவுக்கு வேறொருவர் குரல் கொடுத்தாரா என்னும் வினாக்களை வரலாற்றாசிரியர்கள் எழுப்புவதே இல்லை.

இவ்வினாக்களைப் பெங்களூரிலிருந்தும் அதனைச் சார்ந்த கன்னட நாடக உலகிலிருந்தும் தமிழ்த் திரைக்கு வந்த நடிகர் சிலரை முன்வைத்து ஆராய இக்கட்டுரை முற்படுகிறது. பெங்களூரைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. 1809இல் ஆங்கிலேயர் அமைத்த தண்டுப் பகுதியும் அதனை அடுத்த அல்சூரும் பல தலைமுறைகளாகத் தமிழ் வழங்கும் இடங்கள். கன்னடம், தமிழ், தெலுங்கு, உருது ஆகியவை ஒரே தெருவில் ஒலிக்கும் நகரம் அது. அங்கு வளர்ந்த ஒருவருக்குத் தமிழ் முற்றிலும் அயல்மொழியன்று. செவிக்குப் பழகிய மொழி. அதே வேளையில் அது திரையில் ஒலிக்கும் தமிழும் அன்று.

இந்நடிகர்கள் அடைந்த ஏற்றமும் தேக்கமும் அவர்கள் தமிழை எவ்வளவு கற்றனர் என்பதைக் காட்டிலும், அவர்கள் வந்து சேர்ந்த காலத்தில் தமிழ்த் திரை எந்தத் தமிழைப் பேசியது என்பதையே பெரிதும் பொறுத்திருந்தன என்பது இக்கட்டுரையின் கருத்து. சார்லசு பெர்குசன் 1959இல் வகுத்துரைத்த இரட்டை வழக்குக் கோட்பாட்டைத் தமிழுக்குப் பொருத்திப் பார்த்த ஆய்வுகள் பல. நடிப்புத் தொழிலுக்கு அதனைப் பொருத்திப் பார்த்தவர் குறைவு.

1. கற்பிக்கப்பட்ட மொழி

தமிழ் நாடகக் கம்பெனிகளாயினும் கன்னட நாடகக் கம்பெனிகளாயினும் அவற்றின் நடுநாயகமாக விளங்கியவர் பாடம் சொல்லித்தரும் வாத்தியார். சிறுவர்கள் கம்பெனியிலேயே உண்டு உறங்கி, உரையாடலையும் பாட்டையும் மனப்பாடம் செய்தனர். அவர்கள் கற்றது வீட்டில் பேசிய மொழியன்று. சங்கரதாசு சுவாமிகளின் மரபில் வந்த தமிழ்க் கம்பெனிகளில் அது செய்யுள் நடை தழுவிய தமிழ். குப்பி வீரண்ணாவின் கம்பெனியில் அது வடசொற்களின் மூச்சொலிகளைத் திருத்தமாக ஒலிக்கும் கன்னடம். அன்றாடக் கன்னடப் பேச்சில் அம்மூச்சொலிகள் பலரிடம் மறைந்துவிடுகின்றன. மேடையோ அவற்றைக் காத்துவந்தது.

இராஜ்குமார் இதற்குத் தக்க சான்று. அன்று கோயம்புத்தூர் மாவட்டத்தைச் சார்ந்திருந்ததும் இன்று ஈரோடு மாவட்டத்தில் உள்ளதுமான தாளவாடிப் பக்கத்துக் காஜனூர் அவருடைய ஊர். தந்தை புட்டசாமய்யா கம்பெனி நடிகர். பள்ளிக் கல்வி மிகக் குறைவாகவே பெற்ற மகன் குப்பி வீரண்ணாவின் கம்பெனியில் பயின்று, எச்.எல்.என். சிம்ஹா இயக்கிய 'பேடர கண்ணப்ப' (1954) படத்தில் தலைமைப் பாத்திரம் ஏற்றார். அப்படம் ஏற்கெனவே மேடையில் நடிக்கப்பட்டு வந்த நாடகம். எனவே மேடையிலிருந்து திரைக்கு அவர் வந்தபோது அவருடைய மொழி மாறவில்லை. ஒலிவாங்கி மட்டுமே புதிதாக வந்தது. அதே ஆண்டில் அக்கதையின் தெலுங்கு வடிவத்திலும் நடித்தார். அதன்பின் கன்னடத்தைவிட்டு அவர் அகலவில்லை. தமிழ் மண்ணின் எல்லையில் பிறந்தவர் தமிழ்த் திரைக்கு வராமற்போனமையை வாய்ப்பின்மை என்று கொள்வது பொருந்தாது. மேடையில் பெற்ற ஒலிப்புத் திருத்தமே அவருடைய முதல். அதனைக் கன்னடத்தில் மட்டுமே முழுமையாகச் செலவிட முடியும். 1982இல் கோகாக் அறிக்கையை ஒட்டி எழுந்த கன்னட மொழிப் போராட்டத்துக்கு அவர் தலைமை தாங்கியபோது மக்கள் அவரிடம் கண்டது ஒரு நடிகரை மட்டுமன்று, அம்மொழியின் திருந்திய ஒலிப்பையும் என்று கருத இடமுண்டு.

கம்பெனி வழிப்பட்ட இப்பயிற்சி தமிழ்த் திரைக்கும் பயன்பட்டது. 1940களிலும் 50களிலும் தமிழ்த் திரை பேசியது எழுத்துத் தமிழ். அண்ணாதுரையின் 'வேலைக்காரி' (1949), கருணாநிதி உரையாடல் எழுதிய 'பராசக்தி' (1952), 'மனோகரா' (1954) ஆகியவற்றின் தமிழ் எவருக்கும் தாய்மொழியன்று. அதனைத் தமிழரும் மனப்பாடம் செய்தே பேசினர். ஆகவே தொடக்கக் கோடு எல்லோருக்கும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தது. மலையாளக் குடும்பத்தில் கண்டியில் பிறந்த எம்.ஜி. இராமச்சந்திரன் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் பெற்றதும் இப்பயிற்சியே. கன்னட மேடையில் தொடங்கிய பண்டரிபாய் 'பராசக்தி'யில் நடித்தார். 'சம்சார நௌகா' (1936) என்னும் கன்னடப் படத்தில் நடித்த பி.ஆர். பந்துலு பின்னர் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' (1959) படத்தை இயக்கினார். தமிழ்த் திரை உரையாடலின் உச்சம் எனப் பலரும் சுட்டும் அப்படத்தை இயக்கியவர் கன்னட மேடை வழி வந்தவர் என்பது வியப்பாகத் தோன்றலாம். உயர் வழக்கின் இயல்பை அறிந்தவர்க்கு இதில் வியப்பில்லை. உயர் வழக்கைக் கற்பிக்க ஆசிரியர் உண்டு, ஏடு உண்டு, இலக்கணம் உண்டு.

2. பைங்கிளி என்னும் பட்டம்

1938இல் பெங்களூரில் பிறந்த பி. சரோஜாதேவி, ஹொன்னப்ப பாகவதரின் 'மகாகவி காளிதாச' (1955) என்னும் கன்னடப் படத்தில் அறிமுகமாகி, எம்.ஜி.ஆர். தயாரித்து இயக்கிய 'நாடோடி மன்னன்' (1958) வழித் தமிழில் நிலைபெற்றார். 2025 சூலையில் அவர் மறைந்தபோது எழுதப்பட்ட இரங்கலுரைகளுள் பெரும்பாலானவை இரண்டு தொடர்களைத் தவறாது எடுத்தாண்டன: ஒன்று 'கன்னடத்துப் பைங்கிளி', மற்றொன்று 'கொஞ்சும் தமிழ்'. இவ்விரு தொடர்களையும் பாராட்டு என்றே கொண்டு கடந்துவிடுகிறோம். சற்று நின்று நோக்கினால் அவற்றுள் ஒரு மொழிக் கொள்கை உறைந்திருப்பது தெரியும்.

கிளி சொல்லிக்கொடுத்ததைச் சொல்லும் பறவை. ஒரு நடிகையைக் கிளி என்பதும், அக்கிளியின் பிறந்த மொழியைப் பட்டத்திலேயே பொறிப்பதும், இவர் பேசும் தமிழ் கற்பிக்கப்பட்ட தமிழ் என்னும் செய்தியை இனிமையாகச் சொல்லும் வழி. கொஞ்சுதல் என்பதோ குழந்தைக்கு உரிய பேச்சு. பிறமொழித் தாக்கமுடைய ஒலிப்பைக் குழந்தைப் பேச்சாகக் கேட்பதற்குத் தமிழ்ச் செவி பழக்கப்பட்டது. இதற்குக் கதையமைப்பும் துணை செய்தது. 'நாடோடி மன்னன்' படத்தில் அவர் ஏற்ற பாத்திரம், நாட்டைவிட்டு ஒதுக்கப்பட்ட ஒரு தீவில் உலகம் அறியாது வளர்க்கப்பட்ட இளவரசி. அவர் தோன்றும் பிற்பகுதிதான் வண்ணத்தில் எடுக்கப்பட்டது. கருப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கு மாறும் அவ்விடத்தில் தமிழின் ஒலியும் மாறுகிறது. தீவில் தனித்து வளர்ந்தவளின் பேச்சு பிறர் பேச்சினின்றும் வேறுபட்டிருத்தல் கதைக்கு இயைந்ததே. கண்ணதாசனும் இரவீந்தரும் அப்படத்துக்கு உரையாடல் எழுதினர். அவர்கள் எண்ணிச் செய்தார்களா என்பது ஒருபுறம் இருக்க, விளைவு இதுதான்: அயல் ஒலிப்பு பாத்திரத்தின் இயல்பாகிவிட்டது.

அடுத்த ஆண்டு வெளிவந்த ஸ்ரீதரின் 'கல்யாணப் பரிசு' (1959) வேறு வகைப்பட்டது. நடுத்தரக் குடும்பத்தின் வீட்டுப் பேச்சை ஒட்டிய உரையாடல் அது. உயர் வழக்கின் ஆட்சி தளரத் தொடங்கிய காலத்தில், ஓர் ஆண்டு இடைவெளியில் இருவகைத் தமிழிலும் வெற்றி பெற்ற நடிகை என்ற முறையில் சரோஜாதேவியின் இடம் தனித்தது. பேச்சுத் தமிழில் அவருடைய ஒலிப்பு வேறுபாடு மேலும் வெளிப்படையாகத் தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தது. ஆயினும் அவ்வொலிப்பு அதற்குள் அவருடைய அடையாளம் ஆகிவிட்டிருந்தது.

இங்கு ஒலிப்பு பற்றிச் சிறிது கூறுதல் தகும். பழங்கன்னடத்தில் இருந்த ழகரம் பின்னர் மறைந்தது. பெரும்பாலும் ளகரத்தோடும், மெய்க்கு முன் ரகரத்தோடும் கலந்தது. ஆகவே கன்னடம் பேசுவோர்க்குத் தமிழ் ழகரம் தடையாகும் என்பர். ஆனால் தமிழரிலேயே ழகரத்தை ளகரமாகவோ யகரமாகவோ ஒலிப்போர் பெருந்தொகையினர். எனவே ழகரத்தால் மட்டும் ஒருவரைத் தமிழரல்லர் எனத் தமிழ்ச் செவி இனங்காண்பதில்லை. காட்டிக்கொடுப்பவை வேறு: சொல்லிறுதி மூக்கொலிகளும், தொடரின் ஏற்ற இறக்கமும். பேச்சுத் தமிழில் 'அவன்', 'மரம்' முதலிய சொற்களின் இறுதி மெய் மறைந்து முன்னுள்ள உயிர் மூக்கொலிச் சாயல் பெறும். கன்னடத்தில் சொற்கள் பெரும்பாலும் உயிரில் முடியும். 'அவன்' என்பது அங்கு 'அவனு'. தமிழ் எழுத்தில் காட்டப்படாத இம்மூக்குச் சாயலை ஏட்டைப் பார்த்துக் கற்க முடியாது. காதால் கேட்டே கற்றாக வேண்டும்.

பெண்ணின் வாயில் இவ்வேறுபாடு கொஞ்சலாகக் கேட்கப்பட்டது. ஆணின் வாயில் அது அவ்வாறு கேட்கப்படுமா? பின்வரும் செய்திகள் இல்லை என்றே காட்டுகின்றன.

3. வட்டார வழக்கின் வருகை

1977இல் பாரதிராசாவின் '16 வயதினிலே' வெளிவந்த பின் தமிழ்த் திரை ஊர்ப்புறப் பேச்சை முழுமையாக ஏற்றுக்கொண்டது. விமரிசகர்கள் இதனை மக்கள் மொழியின் வெற்றி என வரவேற்றனர், அது நியாயமே. ஆனால் நடிப்புத் தொழிலின் வாயில்களை இம்மாற்றம் எங்ஙனம் திறந்தது, எங்ஙனம் மூடியது என்பதை எவரும் எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை. உயர் வழக்கை வாத்தியார் கற்பிக்கலாம். மதுரைப் பேச்சையும் நெல்லைப் பேச்சையும் கொங்குப் பேச்சையும் கற்பிக்க வாத்தியார் இல்லை. ஊர், சாதி, அகவை ஆகிய மூன்றையும் ஒரே சொல்லில் காட்டிவிடும் வழக்குகள் அவை. எளிய தமிழ் வந்தது. அதனுடன் அயலார் நுழைதற்குரிய வழி குறுகிற்று.

இந்த இடைகழியில்தான் சிவாஜி ராவ் கெய்க்வாட் வந்து சேர்ந்தார். 1950இல் பெங்களூரில் மராட்டி பேசும் குடும்பத்தில் பிறந்து, கன்னடப் பள்ளியில் பயின்று, பெங்களூர்ப் போக்குவரத்து நிறுவனத்தில் நடத்துநராகப் பணியாற்றி, ஓய்வு நேரங்களில் புராண நாடகங்களில் நடித்தவர். 1973இல் சென்னைத் திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்தார். கே. பாலசந்தர் அவரைத் தமிழ் கற்குமாறு பணித்ததும், 'அபூர்வ ராகங்கள்' (1975) படத்தில் இரஜினிகாந்த் என்னும் பெயரில் அறிமுகம் செய்ததும் பலரும் அறிந்தவை. தொடக்க ஆண்டுகளில் அவருக்கு வழங்கப்பட்ட பாத்திரங்களை நோக்குக. 'அபூர்வ ராகங்க'ளில் மனைவியைப் பிரிந்து திடுமெனத் திரும்பி வருபவர்; 'மூன்று முடிச்சு' (1976), '16 வயதினிலே' (1977) ஆகியவற்றில் எதிர்நிலைப் பாத்திரங்கள். கதையுலகுக்கு வெளியிலிருந்து வந்து அதனைக் கலைப்பவர்க்கு வேறுபட்ட பேச்சு பொருந்தும். சரோஜாதேவிக்குத் தீவு கிடைத்தது போல இவருக்கு வில்லன் நிலை கிடைத்தது.

இவர் செய்தது ஒலியைத் திருத்துவதன்று, காலத்தை மாற்றுவது. சொற்களை விரைந்து தள்ளி, தொடரைத் துண்டு துண்டாக நறுக்கி, துண்டுகளுக்கு இடையே எதிர்பாராத இடைவெளி விடும் முறை அவருடையது. விரைவில் நெடில் குறில் வேறுபாடும் சொல்லிறுதிச் சாயலும் செவிக்குத் தெளிவாகப் புலப்படுவதில்லை. கேட்போர் கவனம் ஒலிகளிலிருந்து தாளத்துக்கு நகர்கிறது. குறை எனக் கருதத்தக்க ஒன்று, பிறர் பின்பற்றும் பாணியாக மாறியதன் மொழியியல் விளக்கம் இதுவே என்று எண்ணுகிறேன். மகேந்திரன் உரையாடலைச் சுருக்கிக் காட்சிக்கு முதன்மை தந்த இயக்குநர். அவருடைய 'முள்ளும் மலரும்' (1978) இந்நடிகரின் முதிர்ச்சிக்குக் களமானதையும் இத்தொடர்பில் கருதலாம். பின்னாளில் உரையாடல் எழுத்தாளர்களே இம்மூச்சளவுக்கு ஏற்பக் குறுந்தொடர்களும் அடுக்குத் தொடர்களும் எழுதத் தொடங்கினர். பாலகுமாரன் உரையாடல் எழுதிய 'பாட்சா' (1995) அதன் உச்சம். எழுத்துக்கு நா இசைந்த நிலை மாறி, நாவுக்கு எழுத்து இசைந்தது.

இங்கு ஓர் இடைக்குறிப்பு. 1960களில் அ.ந. கிருஷ்ணராவ் முதலியோர் முன்னெடுத்த கன்னட இயக்கத்தின் விளைவாகப் பிறமொழிப் படங்களைக் கன்னடத்தில் குரல் மாற்றி வெளியிடுதல் கருநாடகத்தில் நின்றுபோயிற்று. இத்தடை கன்னடத் திரையைக் காக்க வந்தது. ஆயின் அதனால் பெங்களூர்த் திரையரங்குகளில் தமிழ்ப் படங்கள் தமிழிலேயே ஓடின. கன்னடமும் மராட்டியும் பேசும் இளைஞர்கள் தமிழைத் தமிழாகவே கேட்டு வளர்ந்தனர். சென்னைக்கு வந்த பெங்களூர் நடிகர்களின் செவிப்பயிற்சியில் கன்னடப் பற்றின் இப்பங்கையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

4. முகம் ஒருவர், குரல் ஒருவர்

மோகன் வேறு வழியில் சென்றவர். பி.வி. காரந்தின் நாடகத் தொடர்பு வழிக் கன்னட நவீன மேடையில் பயின்று, பாலு மகேந்திராவின் கன்னடப் படமான 'கோகிலா' (1977) மூலம் திரைக்கு வந்தார். தமிழில் 'நெஞ்சத்தைக் கிள்ளாதே' (1980), 'பயணங்கள் முடிவதில்லை' (1982), 'மௌன ராகம்' (1986) எனத் தொடர்ந்து வெற்றி பெற்றார். அவருடைய தமிழ்ப் படங்களுள் பெரும்பாலானவற்றில் பேசும் குரல் எஸ்.என். சுரேந்தருடையது. பாடகர் பாத்திரங்களில் அவர் மிகுதியாக நடித்தமையால் ஒலிவாங்கியோடு சேர்த்தே அவரை மக்கள் 'மைக் மோகன்' என்றனர். பாடும் குரலோ பெரிதும் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துடையது. கன்னட மேடையின் உடல், தமிழரின் பேச்சுக் குரல், தெலுங்கரின் பாட்டுக் குரல் ஆகிய மூன்றும் கூடி ஒரு தமிழ் இளைஞன் உருவானான். ஒலிவாங்கியைப் பட்டப் பெயராகக் கொண்டவரின் சொந்தக் குரல் அவ்வொலிவாங்கியில் ஏறவில்லை.

இதனைக் கேலியாகக் கூறவில்லை. 1980களின் நாயகன் பக்கத்து வீட்டு இளைஞன். அவன் பேசியது நகர நடுத்தர வகுப்பின் பொதுப் பேச்சுத் தமிழ். இத்தகைய பொதுப் பேச்சு வழக்கு உருவாவதில் திரைப்படத்துக்கும் வானொலிக்கும் பங்குண்டு என ஹெரால்டு ஷிஃப்மன் 1998இல் எழுதிய கட்டுரையில் சுட்டியுள்ளார். அவ்வழக்கின் அடையாளமே எந்த ஊரையும் காட்டாமை. பெங்களூர் ஒலிப்பு அதில் சற்றும் கலக்க இடமில்லை. வில்லனுக்கும் இளவரசிக்கும் அளிக்கப்பட்ட சலுகை பக்கத்து வீட்டு இளைஞனுக்கு அளிக்கப்படவில்லை. நாயகியர் நிலையோ இன்னும் நலிந்தது. அதே காலத்தில் அயல்மொழி நாயகியர்க்கு இரவல் குரல் என்பது விதிவிலக்காக இல்லாமல் விதியாகவே ஆகிவிட்டது. சரோஜாதேவிக்குக் கிடைத்த கொஞ்சும் உரிமை அவருக்குப் பின் வந்த பலருக்குக் கிடைக்கவில்லை.

தடை தாய்மொழியில் இல்லை, வழக்கில்தான் உள்ளது என்பதற்கு ஒரு பிற்காலச் சான்று மிக வலுவானது. மதுரைப் பேச்சில் அமைந்த வெற்றிமாறனின 'ஆடுகளம்' (2011) படத்தில் பெங்களூரை அடுத்த சென்னப்பட்டணத்தைச் சேர்ந்த கன்னட நடிகர் கிஷோருக்குச் சமுத்திரக்கனி குரல் கொடுத்தார். இது எதிர்பார்க்கக்கூடியதே. அதே படத்தில் முதன்மைப் பாத்திரம் ஏற்ற வ.ஐ.ச. ஜெயபாலனுக்குக் குரல் கொடுத்தவர் இராதாரவி. ஜெயபாலன் ஈழத்துத் தமிழ்க் கவிஞர். தமிழில் கவிதை எழுதுபவரின் தமிழும், கன்னடம் பேசுபவரின் தமிழும் மதுரைப் பேச்சின் முன் ஒரே நிலையில் வைக்கப்பட்டன. தேசியத் திரைப்பட விருதுக் குழு அந்நடிப்புக்குச் சிறப்புக் குறிப்பு வழங்கியது. அதில் முகத்துக்குரிய பங்கு எவ்வளவு, குரலுக்குரிய பங்கு எவ்வளவு என்பது விருதுப் பட்டியலால் விடையிறுக்க முடியாத வினா.

5. பல மொழி பேசும் ஒரு குரல்

பெங்களூர் மேடையின் இன்னொரு பிள்ளை பிரகாஷ்ராஜ். 1963இல் திறக்கப்பட்ட இரவீந்திர கலாக்ஷேத்திரத்தைச் சூழ்ந்து வளர்ந்த கன்னட நாடக இயக்கத்தில் பயின்றவர். இவரையும் தமிழுக்குக் கொணர்ந்தவர் பாலசந்தரே. 'டூயட்' (1994) முதற்படம். பிரகாஷ்ராய் என்னும் பெயர் பிரகாஷ்ராஜ் ஆயிற்று. ஊரையும் குலத்தையும் காட்டும் ஈற்றசை நீங்கி, எவ்விடத்துக்கும் பொருந்தும் ஈற்றசை வந்தது. கெய்க்வாட் மறைந்து இரஜினிகாந்த் தோன்றியதும் இவ்வாறே. நாவைத் திருத்துமுன் பெயரைத் திருத்துவது வழக்கம் போலும்.

தென்மொழிகள் நான்கிலும் தம் சொந்தக் குரலில் பேசி நடித்தல் இவருடைய தனித்தன்மை. 'இருவர்' (1997) படத்தில் மேடைத் தமிழால் மக்களை ஈர்க்கும் எழுத்தாளர் அரசியல்வாதியாக நடித்துத் துணை நடிகருக்கான தேசிய விருது பெற்றார். உயர் வழக்கு மீண்டும் தேவைப்பட்ட அரிய படம் அது. கன்னட மேடையில் பயின்றவர்க்கு அது வாய்த்தமை, முதற்பகுதியில் கூறிய கருத்துக்கு அரண் செய்கிறது. ஆயினும் அப்படத்தின் ஒலிப்பேழையில் கவிதைகளை ஓதும் குரல் அரவிந்த்சாமியுடையது என்பதையும் மறத்தல் கூடாது. உரையாடல் வரை சென்ற இசைவு ஒலிப்பேழைக் கவிதை வரை நீளவில்லை.

'கில்லி' (2004) படத்து மதுரைப் பாத்திரத்தில் 'செல்லம்' என்னும் ஒற்றை விளிச்சொல்லைக் கொண்டே அவர் அச்சுறுத்தலை உருவாக்கினார். வட்டார ஒலிப்பு முழுவதையும் மேற்கொள்ளாமல் ஒரு சொல்லின் ஏற்ற இறக்கத்தில் பாத்திரத்தை நிறுத்துவது தேர்ந்த நாடக நடிகரின் சிக்கனம். காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளராக நடித்த 'காஞ்சிவரம்' படத்துக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருதும் இவருக்குக் கிடைத்தது. ஆகவே பெங்களூர் நாவினால் தமிழ் நிலத்து மாந்தரைப் பேச இயலாது என்ற முடிவுக்கு இடமில்லை. காலமும் பயிற்சியும் பாத்திரமும் இசைய வேண்டியிருந்தன என்பதே உண்மை.

6. ஆள் வராமல் படம் வரும் காலம்

மேற்கூறிய அனைவரும் சென்னைக்கு வந்தவர்கள். இன்று வர வேண்டியதில்லை. கன்னடக் குரல் மாற்றத் தடைக்கு எதிராக இந்தியப் போட்டி ஆணையம் 2015இல் ஆணை பிறப்பித்தது. 2017இல் தமிழ் 'என்னை அறிந்தால்' கன்னடக் குரலுடன் 'சத்யதேவ் ஐ.பி.எஸ்.' என வெளியாயிற்று. எதிர்த்திசையில் வந்த வெள்ளம் இன்னும் பெரிது. காரந்தின் பெனகா நாடகக் குழுவில் பயின்று, தொலைக்காட்சித் தொடர்கள் வழி வளர்ந்த யஷ் நடித்த 'கே.ஜி.எஃப்.' (2018) ஐந்து மொழிகளில் ஒரே காலத்தில் வெளிவந்தது. பெங்களூர் நடிகர் தமிழ் கற்காமலே தமிழ்நாட்டில் புகழ் பெற்றார். அவருக்காகத் தமிழ் கற்றவர் மொழிபெயர்ப்பாளர் எனலாம்.

கன்னடமும் தமிழும் நெருங்கிய மொழிகளாதலின் இப்பணி எளிது என்று படத்தொழிலில் பலரும் கருதுகின்றனர். சொல்லொழுங்கு ஒன்றே, வினை இறுதியில் வரும், தொடர் நீளமும் ஏறத்தாழ ஒக்கும். ஆனால் இதழசைவை நோக்கினால் நெருக்கமே இடராக நிற்கும். சொன்முதல் பகரம் கன்னடத்தில் ஹகரமாயிற்று: பால் – ஹாலு, பத்து – ஹத்து, பூ – ஹூவு, போ – ஹோகு. தமிழில் இதழ் மூடுமிடத்தில் கன்னடத்தில் இதழ் திறந்தே நிற்கிறது. திரையில் நடிகர் 'ஹோகு' என்கிறார். அண்மைக் காட்சியில் திறந்த வாய் தெரிகிறது. அகராதி தரும் நேர்ச்சொல்லாகிய 'போ' அவ்வாயில் பொருந்தாது. 'கிளம்பு' எனலாம், அதிலும் இடையில் இதழ் மூடும். 'நட' எனலாம், பொருள் சற்று நகரும். இந்தியிலிருந்து மொழிபெயர்ப்பவர் இனச்சொல்லை நாடுவதில்லையாதலால் இவ்விடர் அவருக்கு இவ்வடிவில் நேர்வதில்லை. கன்னட இனச்சொல்லோ முதலில் நினைவுக்கு வந்து, முதலில் கைவிடப்படுகிறது.

'காந்தாரா' (2022) இதனினும் கடினமான வினாவை எழுப்பியது. கடற்கரைக் கன்னடப் பேச்சும் துளு நாட்டுப் பூத வழிபாடும் பின்னிய படம் அது. பெங்களூர் மக்களுக்கே அப்பேச்சு வேற்றூர்ப் பேச்சு. அதனைத் தமிழில் எந்த வழக்கில் தருவது? நெல்லைப் பேச்சில் தந்தால் மாந்தர் நெல்லை மாந்தராகிவிடுவர். தெய்வமும் அவ்வூர்த் தெய்வமாகிவிடும். பொதுப் பேச்சில் தந்தால் கன்னட மூலத்தில் ஊரின் அடையாளமாக நின்றது அழிந்துபோகும். கன்னடம் கலந்த பெங்களூர்த் தமிழ் இருக்கிறது. அல்சூரிலும் சிவாஜிநகரிலும் தலைமுறைகளாக வழங்கும் அவ்வழக்குக்குத் தமிழ்த் திரை இதுவரை உரிய இடம் தந்ததில்லை. கன்னட மாந்தரைத் தமிழில் பேசவைக்கும் பணிக்கு அதனைச் சோதித்துப் பார்க்கலாம். நகைச்சுவைப் பாத்திரத்தின் பேச்சாகவே அது கேட்கப்படும் என்று உரையாடல் எழுதுவோர் அஞ்சக்கூடும், அவ்வச்சம் காரணமற்றதன்று.

இரஜினிகாந்தின் தமிழ்ப் படங்கள் தெலுங்குக்குச் செல்லும்போது பாடகர் மனோ அவருக்குக் குரல் கொடுத்து வருகிறார். பெங்களூர் ஒலிப்பிலிருந்து பிறந்த தமிழ்ப் பாணி, தெலுங்கில் வேறொருவரின் நாவில் மீண்டும் ஆக்கப்படுகிறது. அங்கு மொழிபெயர்க்கப்படுவது உரையாடலா, அன்றி ஒரு மனிதர் தமிழ் கற்ற விதமா என்பதை ஒலிப்பதிவுகளை அருகருகே வைத்துக் கேட்டு ஆராயலாம். சுரேந்தர் குரலில் ஒலிக்கும் மோகனையும், பின்னர்ச் சொந்தக் குரலில் பேசிய மோகனையும் அவ்வாறே ஒப்பிடலாம். ஒலிநாடாக்கள் கிடைக்கின்றன. குரல் கொடுத்தோர் பெயர்கள்தாம் படத்தலைப்புகளில் பல இடங்களில் இல்லை.